வாசகர் கேள்வி – பதில்: செயற்கை நியூரல் நெட்வொர்க் மூளைக்கு மாதிரி ஆகுமா?

செயற்கை நுண்ணறிவும் மூளையும் தொடர்பாக வந்த கேள்விகளில் ஒன்றையொன்று தொட்டுச் செல்பவற்றை இந்த இதழில் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: ‘மனித மூளையைப் போலவே இயங்கும் நெட்வொர்க்’ என்று எல்லாக் கட்டுரைகளிலும் எழுதுகிறார்கள். ஒரு செயற்கை நியூரானையும் நம் தலைக்குள் இருக்கும் நியூரானையும் (நரம்பு செல்) பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எவ்வளவு பொருந்தும்?

தனி நியூரான் அளவில் மிகக் குறைவாகவே பொருந்தும். செயற்கை நியூரான் என்பது ஒரு வரிக் கணக்கு. மூன்று உள்ளீடுகள் 1, 0, 1 என்று வருகின்றன. அவற்றுக்கான எடைகள், அதாவது இணைப்புகளின் வலிமைகள், 0.6, 0.9, –0.4. பெருக்கிக் கூட்டினால் 0.2. இதோடு –0.1 என்ற நிலையான எண்ணைச் சேர்த்தால் 0.1. விடை பூஜ்யத்துக்கு மேல் இருப்பதால் அப்படியே அடுத்த வரிசை நியூரான்களுக்கு, அதாவது அடுத்த அடுக்குக்குப் போகும். கீழே இறங்கியிருந்தால் 0 போகும். அவ்வளவுதான். எல்லையைத் தாண்டினால் 1, இல்லையென்றால் 0 என்று வாரன் மெக்கல்லக்கும் வால்டர் பிட்ஸும் 1943-இல் முன்வைத்த கணித நியூரானின் நேர் வாரிசு இது.

உயிருள்ள நியூரானில் முதலில் நேரம் வந்துவிடுகிறது. ஓய்வில் அதன் உட்புறம் வெளிப்புறத்தைவிடச் சுமார் 70 மில்லிவோல்ட் குறைவான மின்னழுத்தத்தில் இருக்கும். வந்து சேரும் சமிக்ஞைகள் அதை –55 மில்லிவோல்ட்டை ஒட்டி உயர்த்தினால் சோடியம் வாயில்கள் திறந்து, ஏறத்தாழ ஒரு மில்லிநொடி நீளும் மின்துடிப்பு ஒன்று, நியூரானிலிருந்து வெளியே செல்லும் நீண்ட இழையான ஆக்சான் வழியே ஓடும். இதற்கான சமன்பாடுகளை ஆலன் ஹாட்ஜ்கினும் ஆண்ட்ரூ ஹக்ஸ்லியும் கணவாயின் பருத்த ஆக்சானில் அளந்து 1952-இல் வெளியிட்டார்கள். செயற்கை நியூரான் இதையெல்லாம் விட்டுவிட்டு, ‘ஒரு நொடிக்கு எத்தனை துடிப்பு’ என்ற சராசரியை மட்டும் ஒரே எண்ணாக வைத்துக்கொள்கிறது.

இதைவிடப் பெரிய வேறுபாடு டென்ட்ரைட்டுகளில் இருக்கிறது. நியூரானின் இந்தக் கிளைகள் வந்ததை வந்தபடி உடலுக்குக் கடத்தும் வெறும் கம்பிகள் அல்ல; ஒவ்வொரு கிளையும் தனியாகக் கணக்குப் போடுகிறது. ஜெருசலேம் ஹீப்ரு பல்கலைக்கழகக் குழு ஒன்று, எலியின் மூளையின் வெளிப்படலமான புறணியில் ஐந்தாம் அடுக்கில் உள்ள பிரமிடு வடிவ நியூரான் ஒன்றின் விரிவான கணினி மாதிரியை எடுத்துக்கொண்டது. அதன் துடிப்புகளை மில்லிநொடி துல்லியத்தில் கணிக்க எத்தனை அடுக்கு நெட்வொர்க் தேவைப்படும் என்று பார்த்தது. ஒரே ஒரு நியூரானுக்கு 5 முதல் 8 அடுக்குகள் தேவைப்பட்டன. சமிக்ஞை வேதிப்பொருளைப் பிடித்துக்கொள்ளும், என்எம்டிஏ எனப்படும் ஏற்பிகளை மாதிரியிலிருந்து எடுத்துவிட்டதும், உள்ளீட்டுக்கும் வெளியீட்டுக்கும் இடையே ஒரே ஒரு மறைவு அடுக்கு போதுமானதாகிவிட்டது. 2021-இல் வந்த இந்த முடிவு எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. சிக்கல் எங்கே ஒளிந்திருக்கிறது என்பதை அது விரல் வைத்துக் காட்டிவிட்டது.

இன்னொன்று. மூளையில் ஒரு நியூரான் தான் தொடும் நியூரான்களைத் தூண்டும் வகையாகவோ தடுக்கும் வகையாகவோதான் இருக்கும். பெரும்பாலும் அந்த இனம் மாறாது. செயற்கை நெட்வொர்க்கில் ஒரே அலகிலிருந்து ஒரு இணைப்பு +0.6 ஆகவும் இன்னொன்று –0.4 ஆகவும் போகலாம். பயிற்சியின் நடுவில் குறி மாறவும் செய்யலாம்.

கேள்வி: அடிப்படை அலகே பொருந்தவில்லை என்றால், மாதிரி என்ற பேச்சையே விட்டுவிடலாமே?

விடக்கூடாது. எந்தக் கேள்விக்கு மாதிரி என்று முதலில் சொல்லவேண்டும். வலிப்பு மருந்து ஒன்று சோடியம் வாயிலை எப்படி அடைக்கிறது என்பது கேள்வியானால் செயற்கை நெட்வொர்க்கால் ஒரு பயனும் இல்லை. அங்கே ஹாட்ஜ்கின்–ஹக்ஸ்லி சமன்பாடுதான் வேண்டும். ‘கண்ணில் விழும் ஒளிப்புள்ளிகளிலிருந்து ஒரு பொருளை அடையாளம் காண, இடையில் எந்த மாதிரியான படிகள் தேவை?’ என்பது கேள்வியானால், நம்மிடம் இருக்கும் மாதிரிகளில் சிறந்தவை இந்த நெட்வொர்க்குகள்தாம்.

இதற்கு வரலாறு உண்டு. டேவிட் ஹூபலும் டார்ஸ்டன் வீசலும் 1959-இலும் 1962-இலும் வெளியிட்ட ஆய்வுகளில் பூனையின் பார்வைப் புறணியில் இரண்டு வகை நியூரான்களைக் காட்டினார்கள். ஒரு வகை, குறிப்பிட்ட இடத்தில் குறிப்பிட்ட சாய்வில் கோடு வந்தால் மட்டும் துடித்தது. இன்னொரு வகை, கோடு கொஞ்சம் நகர்ந்தாலும் பொறுத்துக்கொண்டது. இந்த இரண்டையும் மாறி மாறி அடுக்கி குனிஹிகோ ஃபுகுஷிமா 1980-இல் ‘நியோகாக்னிட்ரான்’ என்ற நெட்வொர்க்கை அமைத்தார். யான் லெகுன் 1989-இல் அதே வகைக் கட்டமைப்பைப் பிழையிலிருந்து கற்கும் முறையில் பயிற்றுவித்தார். ஆக, இன்று படங்களை அடையாளம் காணும் கன்வல்யூஷன் நெட்வொர்க்கின் (ஒரே சிறு வடிகட்டியைப் படம் முழுவதும் நகர்த்திப் பார்க்கும் வகை) உடற்கூறு மூளையிலிருந்து வந்தது. எடைகள் மட்டும் பயிற்சியிலிருந்து வந்தவை.

2014-இல்தான் எதிர்த்திசையில் பாலம் போடப்பட்டது. டேனியல் யாமின்ஸ், ஜேம்ஸ் டிகார்லோ ஆகியோரின் குழு, பொருள்களை அடையாளம் காண மட்டுமே பயிற்சி பெற்ற நெட்வொர்க்கை எடுத்து, அதன் மேல் அடுக்கைக் கொண்டு மக்காக் குரங்கின் பார்வைப் பாதையில் உயர் நிலையமான கீழ்க் கன்னப்பொட்டுப் புறணியின் துடிப்புகளைக் கணித்தது. படத்துக்குப் படம் துடிப்பு மாறுவதில், இரைச்சல் போக விளக்கக்கூடிய பகுதியில் ஏறத்தாழ பாதியை அது பிடித்தது. நடு அடுக்குகள், அதற்கு முந்தைய நிலையமான வி4 பகுதிக்கு நன்றாகப் பொருந்தின. அந்த நெட்வொர்க்கின் எடைகளைத் தீர்மானித்த பயிற்சியில் குரங்கின் மூளைத் தரவு எதுவும் கிடையாது. பொருளை அடையாளம் காண் என்ற பணி ஒன்றே அதை அந்த இடத்துக்குக் கொண்டுபோயிற்று. அதற்கு முன் கையால் வடிவமைத்த எந்த மாதிரியும் அந்தப் பகுதியில் அவ்வளவு தூரம் வந்ததில்லை.

கேள்வி: கணினி அறிவியல் இறுதியாண்டு மாணவி நான். பொதுவெளியில் கிடைக்கும் குரங்கு நியூரான் பதிவுகளைக் கொண்டு ஒரு நெட்வொர்க்கை ஒப்பிட்டுப் பார்க்க விரும்புகிறேன். எப்படிச் செய்வது, எங்கே தவறும்?

நல்ல புராஜெக்ட். சற்று விரிவாகவே சொல்கிறேன். தவறுவதற்கு வழிகள் நிறைய.

முதலில் மூளைத் தரவு. சில ஆயிரம் படங்கள், ஒவ்வொன்றும் பலமுறை காட்டப்பட்டிருக்கவேண்டும். பெரும்பாலும் 96 மின்முனைகள் கொண்ட சிறு தகடுகளால் பதிவு செய்திருப்பார்கள். படம் தோன்றிய கணத்திலிருந்து 70 முதல் 170 மில்லிநொடி வரையிலான துடிப்புகளை எண்ணி, மறுகாட்சிகளுக்குச் சராசரி எடுங்கள். ஒவ்வொரு பதிவிடத்துக்கும் படம் ஒன்றுக்கு ஓர் எண் கிடைக்கும்.

அடுத்து நெட்வொர்க். அதே படங்களை உள்ளே செலுத்தி, ஒவ்வோர் அடுக்கின் வெளியீட்டையும் சேமியுங்கள். இங்கேயே முதல் குழி. குரங்குக்குப் படம் எத்தனை பாகைக் கோணத்தில் காட்டப்பட்டது என்று பார்க்காமல் 224×224 புள்ளிகளாகச் சுருக்கிக் கொடுத்துவிட்டால், நெட்வொர்க்கும் குரங்கும் வெவ்வேறு அளவுப் பொருளைப் பார்க்கும். தொடக்க அடுக்குகள் பொருந்தாமல் போக இது ஒன்றே போதும்.

மூன்றாவது படி, இரண்டையும் இணைக்கும் ரெக்ரஷன், அதாவது அடுக்கின் எண்களை எடையிட்டுக் கூட்டி நியூரானின் துடிப்பைக் கணிக்கும் கணக்கு. அலெக்ஸ்நெட் என்ற பட நெட்வொர்க்கின் ஐந்தாவது கன்வல்யூஷன் அடுக்கை எடுத்துக்கொள்ளுங்கள்: 13×13×256, அதாவது 43,264 எண்கள். உங்களிடம் 3,000 படங்கள்தான் இருக்கின்றன என்றால், தெரியாத எடைகள் தரவைவிடப் பதினான்கு மடங்குக்கு மேல். நேரடியாகப் பொருத்தினால் பயிற்சிப் படங்களில் அச்சு அசலாகப் பொருந்தி, புதிய படங்களில் கவிழும். அதனால் எண்களைச் சில முக்கியக் கூட்டுகளாகச் சுருக்கும் பிசிஏ கொண்டு சில நூறு அல்லது ஆயிரம் பரிமாணமாகக் குறைத்து, எடைகள் பெரிதாகாமல் கட்டுப்படுத்தும் ரிட்ஜ் ரெக்ரஷன் செய்யுங்கள்; அல்லது சுருக்குவதையும் பொருத்துவதையும் சேர்த்தே செய்யும் பிஎல்எஸ் ரெக்ரஷனை 25 கூறுகளோடு செய்யுங்கள். தரவைப் பத்துப் பங்காக்கி, ஒன்பதில் பொருத்தி ஒன்றில் சோதிப்பது வழக்கம். பிரிக்கும்போது ஒரே பொருளின் வெவ்வேறு கோணப் படங்கள் இரண்டு பக்கமும் விழுந்தால் மதிப்பெண் செயற்கையாக ஏறும். பொருள் வாரியாகப் பிரியுங்கள்.

நான்காவது, இரைச்சல் உச்சவரம்பு, அதாவது தரவின் இரைச்சலால் எந்த மாதிரியும் தாண்டமுடியாத எல்லை. நியூரான் ஒரே படத்துக்கு இரண்டு முறை ஒரே விடை தராது. மறுகாட்சிகளை இரு பாதியாக்கி அவற்றுக்கிடையே ஒட்டுறவை (கோரிலேஷன்) கணக்கிடுங்கள். அது 0.6 என்று வந்தால், ஸ்பியர்மன்–பிரவுன் திருத்தப்படி முழுத் தரவின் நம்பகத்தன்மை (2×0.6)÷1.6 = 0.75. உங்கள் கணிப்புக்கும் உண்மைத் துடிப்புக்கும் ஒட்டுறவு 0.5 என்றால், அதை 0.75-இன் வர்க்கமூலமான 0.866-ஆல் வகுத்தால் 0.577, வர்க்கப்படுத்தினால் 33 சதவீதம். திருத்தாமல் விட்டால் 25 சதவீதம் என்று எழுதியிருப்பீர்கள். நம்பகத்தன்மை மிகக் குறைந்த பதிவிடங்களை இந்த வகுத்தல் கன்னாபின்னாவென்று ஊதிவிடும். அவற்றை ஓர் எல்லை வைத்து முன்கூட்டியே நீக்குங்கள். அந்த எல்லை எவ்வளவு என்பதை முடிவுகளைப் பார்ப்பதற்கு முன்பே எழுதிவையுங்கள்.

கடைசியாக ஒப்பீட்டு நெட்வொர்க்குகள். இதைத்தான் பலரும் தவிர்க்கிறார்கள். குறைந்தது மூன்று வேண்டும்: படத்தின் வெறும் புள்ளிகள், முதல் நிலைப் பார்வைப் புறணியைப் போல் குறிப்பிட்ட சாய்வுள்ள கோடுகளைப் பிடிக்கும் கபோர் வடிகட்டிகள், அதே கட்டமைப்பில் எடைகள் தற்போக்காக இடப்பட்ட பயிற்சியில்லா நெட்வொர்க். பயிற்சியில்லாத நெட்வொர்க்கும் கணிசமான மதிப்பெண் எடுக்கும். பார்த்ததும் மனம் தளரவேண்டாம். பயிற்சி பெற்றது அதைவிட எவ்வளவு மேலே நிற்கிறது என்ற இடைவெளிதான் உங்கள் உண்மையான முடிவு. எந்த அடுக்கு சிறந்தது என்பதையும், இறுதி மதிப்பெண் கணக்கிடும் அதே படங்களை வைத்துத் தேர்ந்தெடுக்கக்கூடாது.

கேள்வி: இப்படிக் கிடைக்கும் மதிப்பெண் உயர்ந்தால், அந்த நெட்வொர்க் மூளையை நெருங்கிவிட்டது என்று கொள்ளலாமா?

அதை மட்டும் வைத்துக் கொள்ளமுடியாது. ரெக்ரஷன் தாராளமானது. ஆயிரக்கணக்கான அலகுகளின் கலவையில் எங்கோ ஓர் ஒற்றுமை இருந்தால் அதைப் பிடித்துவிடும்; நெட்வொர்க் அந்த அலகுகளை எதற்குப் பயன்படுத்துகிறது என்று அது கேட்பதில்லை.

வேறு வகைச் சோதனைகள் உடனே வேறுபாட்டைக் காட்டிவிடுகின்றன. பூனையின் உருவத்துக்கு யானைத் தோலின் மேற்பரப்பைப் போர்த்திய படத்தைக் காட்டினால், நாம் பூனை என்போம். இமேஜ்நெட் என்ற பெரிய படத் தொகுப்பில் பயிற்சி பெற்ற வழக்கமான நெட்வொர்க் யானை என்கிறது. ராபர்ட் கெய்ர்ஹோஸும் உடன் ஆய்வாளர்களும் 2019-இல் காட்டியது இது. காரணமும் தெளிவு: பயிற்சிப் படங்களில் மேற்பரப்பு ஒன்றே வகையைச் சொல்லிவிடப் போதுமானதாக இருக்கிறது, அதனால் உருவத்தைக் கற்கவேண்டிய நெருக்கடி நெட்வொர்க்குக்கு வருவதில்லை. மேற்பரப்பைக் குலைத்த படங்களில் பயிற்சி கொடுத்தபோது அதே கட்டமைப்பு உருவத்தின் பக்கம் சாய்ந்தது. ஆகவே குறை கட்டமைப்பைவிடப் பயிற்சி உணவில்தான் அதிகம் இருந்தது.

இன்னும் கூர்மையான சோதனை ஒன்று உண்டு. ஓர் உண்மைப் படத்தை எடுத்து, நெட்வொர்க்கின் ஓர் அடுக்கில் அது உண்டாக்கும் அதே எண்களைத் தரும் இன்னொரு படத்தை, இரைச்சலிலிருந்து தொடங்கித் தயாரிக்கவேண்டும். நெட்வொர்க்குக்கு இரண்டும் ஒன்றே. மேல் அடுக்குகளில் இப்படித் தயாரித்த படங்கள் பெரும்பாலும் மனிதக் கண்ணுக்கு அடையாளமே தெரியாத குழப்பமாக இருக்கின்றன என்று 2023-இல் ஜெனெல் ஃபெதர் குழு காட்டியது. ஒலிகளிலும் அதே கதைதான். நம் பார்வை புறக்கணிக்கும் வேறுபாடுகள் வேறு, நெட்வொர்க் புறக்கணிக்கும் வேறுபாடுகள் வேறு என்பதற்கு இதைவிட நேரான சான்று தேவையில்லை.

மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். 2019-இல் பூயா பஷிவன், கோஹிதிஜ் கர், டிகார்லோ மூவரும் நெட்வொர்க்கை வைத்துப் புதிய படங்களைச் செதுக்கினார்கள். ‘இந்தப் படம் வி4-இல் உள்ள இந்தப் பதிவிடத்தை வழக்கமான படங்கள் எட்டாத அளவுக்குத் துடிக்க வைக்கும்’ என்று நெட்வொர்க் முன்கூட்டிச் சொன்னது. குரங்குக்குக் காட்டியபோது பல பதிவிடங்கள் அப்படியே துடித்தன. ஒன்றை மட்டும் எழுப்பி அக்கம்பக்கத்தை அடக்கும் படங்களும் ஓரளவு பலித்தன. மதிப்பெண்ணைவிட இதற்கு நான் பல மடங்கு மதிப்பளிப்பேன். இதுவரை இல்லாத ஒன்றைச் செய்து மூளையில் விளைவைக் காண்பதற்கு, மாதிரியில் உண்மையின் ஒரு பகுதியாவது இருந்தே ஆகவேண்டும்.

கேள்வி: நெட்வொர்க்குகள் பேக்-ப்ராபகேஷன் முறையில் கற்கின்றன. மூளையும் அப்படித்தான் கற்கிறதா?

அந்த வடிவத்தில் நிச்சயமாக இல்லை. 1986-இல் ரூமெல்ஹார்ட், ஹின்டன், வில்லியம்ஸ் மூவரும் பரவலாக்கிய இந்த முறையில், வெளியீட்டில் கண்ட பிழை பின்னோக்கி அடுக்கடுக்காக வரும். ஓர் இணைப்பு எவ்வளவு திருத்தப்படவேண்டும் என்று தெரிய, அதற்கு மேலே உள்ள இணைப்புகளின் எடைகள் பின்பாதைக்கும் தெரிந்திருக்கவேண்டும். கணினி நினைவகத்தில் அது ஒரு வரி. இரண்டு நியூரான்கள் இணையும் இடமான சினாப்ஸோ மூளையில் ஒருவழிப்பாதை: முன்னே செல்லும் ஆக்சானுக்குப் பின்னே வரும் இன்னோர் ஆக்சானின் வலிமை தெரிவதற்கு வழியில்லை. ஸ்டீபன் கிராஸ்பெர்க் 1987-இலேயே இதை எடுத்துச்சொன்னார். பிரான்சிஸ் கிரிக்கும் 1989-இல் இந்த முறையின் உயிரியல் நம்பகத்தன்மையைக் கடுமையாகக் கேள்வி கேட்டார்.

இதோடு நேரச் சிக்கலும் உண்டு. நெட்வொர்க் முன்னே ஒருமுறை, நின்று, பின்னே ஒருமுறை என்று இயங்கும். மூளை நின்று காத்திருப்பதில்லை. அங்கே அளந்து கண்ட விதிகள் பெரும்பாலும் அந்த இடத்தோடு முடிபவை: முன் நியூரான் துடித்துச் சில பத்து மில்லிநொடிக்குள் பின் நியூரான் துடித்தால் இணைப்பு வலுக்கும், வரிசை மாறினால் நலியும்.

ஒரு வியப்பான முடிவு மட்டும் கதவைத் திறந்து வைத்திருக்கிறது. பின்பாதையில் சரியான எடைகளுக்குப் பதிலாகத் தற்போக்கான, மாறாத எடைகளை வைத்தாலும் சிறிய நெட்வொர்க்குகள் கற்கின்றன என்று திமோத்தி லில்லிகிராப் குழு 2016-இல் காட்டியது. முன்பாதை எடைகள் மெல்ல மெல்லப் பின்பாதையோடு இசைந்துகொள்கின்றன. பெரிய படத் தொகுப்புகளில் இந்த உத்தி பேக்-ப்ராபகேஷனை எட்டவில்லை. ஆனாலும் ‘எடைகள் துல்லியமாக ஒத்திருந்தாலன்றிக் கற்கவே முடியாது’ என்ற வாதம் அதோடு விழுந்துவிட்டது.

நடைமுறையில் ஆய்வாளர்கள் இப்படிப் பிரித்துக்கொள்கிறார்கள்: கற்று முடித்த நெட்வொர்க், கற்று முடித்த மூளைக்கு மாதிரி. கற்கும் வழிக்கு மாதிரி அல்ல. இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் விடும் கட்டுரைகளை எச்சரிக்கையோடு படியுங்கள்.

கேள்வி: ஒரு நெட்வொர்க்கின் பாராமீட்டர் (பயிற்சியில் மாறும் எடை) எண்ணிக்கை மூளையின் சினாப்ஸ் எண்ணிக்கையை எட்டிவிட்டால்?

ஒன்றும் ஆகாது. மனித மூளையில் சுமார் 8,600 கோடி நியூரான்கள். அவற்றில் ஏறத்தாழ 6,900 கோடி சிறுமூளையில் இருக்கின்றன, பெருமூளைப் புறணியில் 1,600 கோடிதான். எண்ணிக்கையே சிந்தனை என்றால் சிறுமூளைதான் நம் சிந்தனைக் கூடமாக இருந்திருக்கவேண்டும். எண்ணிக்கை ஒப்பீட்டை நான் பொருட்படுத்துவதில்லை.

கேள்வி: துடிப்புகளையே பயன்படுத்தும் ஸ்பைக்கிங் நெட்வொர்க்குகள்தான் சரியான மாதிரி என்று வாதிடுகிறார்களே?

பணியைப் பொறுத்தது. பொருளை அடையாளம் காண்பதில் 100 மில்லிநொடிச் சராசரியே பெரும்பகுதித் தகவலைத் தருகிறது. அங்கே துடிப்பைச் சேர்த்தால் பயிற்சி கடினமாகும், புரிதல் அவ்வளவாகக் கூடாது. ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதில் நிலைமை நேர் எதிர். ஒலி இரண்டு காதுகளையும் சேரும் நேர வேறுபாடு மனிதருக்கு அதிகபட்சம் 600–700 மைக்ரோநொடி. அதில் பத்து மைக்ரோநொடி அளவு மாற்றத்தையும் நம்மால் உணரமுடியும். சராசரி எடுத்தால் அந்தத் தகவல் மொத்தமும் அழிந்துபோகும். அங்கே துடிப்பின் நேரம் இல்லாத மாதிரி, மாதிரியே அல்ல.

கேள்வி: நெட்வொர்க் ஆராய்ச்சியிலிருந்து மூளை அறிவியலுக்கு ஏதாவது உண்மையான புது அறிவு வந்திருக்கிறதா, அல்லது எல்லாம் மறுதிசையில்தானா?

வந்திருக்கிறது. மிகத் தெளிவான எடுத்துக்காட்டு, மூளையின் சமிக்ஞை வேதிப்பொருள்களில் ஒன்றான டோபமைன். வெகுமதியைக் கணித்துக் கற்கும் கணினி முறையில் ஓர் எளிய எண் உண்டு: கிடைத்தது கழித்தல் எதிர்பார்த்தது. எதிர்பார்ப்பு 0.8, கிடைத்தது 1 என்றால் பிழை +0.2. கற்கும் வேகம் 0.1 என்றால் எதிர்பார்ப்பு 0.82 ஆகும். எதுவும் கிடைக்காவிட்டால் பிழை –0.8, எதிர்பார்ப்பு 0.72-க்கு இறங்கும்.

வுல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் குரங்குகளின் டோபமைன் நியூரான்களில் பதிவு செய்தவை இந்தக் கணக்கோடு பொருந்தின. தொடக்கத்தில் பழச்சாறு வந்ததும் நியூரான்கள் துடித்தன. சாற்றுக்கு முன் ஒரு சமிக்ஞை வரும் என்று பழகிய பிறகு, துடிப்பு சமிக்ஞைக்கு நகர்ந்தது. சாறு வந்தபோது தனித் துடிப்பு இல்லை. சமிக்ஞை கொடுத்துவிட்டுச் சாற்றை நிறுத்தினால், அது வந்திருக்கவேண்டிய அதே கணத்தில் துடிப்பு வழக்கமான அளவுக்கும் கீழே சரிந்தது. ஷுல்ட்ஸ், பீட்டர் டயான், ரீட் மாண்டேகு 1997-இல் இதை வெளியிட்டார்கள். டோபமைன் ‘இன்ப வேதிப்பொருள்’ என்று இன்னும் எழுதுகிறார்களே, அந்த விளக்கத்தால் கடைசியில் சொன்ன சரிவைக் கணிக்கவே முடியாது.

2020-இல் இன்னொரு படி. ஒரே சராசரிக்குப் பதில் வெகுமதியின் முழுப் பரவலையும் கற்கும் கணினி முறை ஒன்று நன்றாக வேலை செய்தது. அது உண்மையென்றால் சில டோபமைன் நியூரான்கள் நம்பிக்கைவாதிகளாகவும் சில அவநம்பிக்கைவாதிகளாகவும் இருக்கவேண்டும். ஒரே அளவு வெகுமதிக்குச் சில ஏறவும் சில இறங்கவும் வேண்டும். வில் டாப்னியும் உடன் ஆய்வாளர்களும் சுண்டெலிகளின் பதிவுகளில் தேடினார்கள். அப்படியே இருந்தது.

கேள்வி: வழிகாட்டிப் பணிக்குப் பயிற்சி பெற்ற நெட்வொர்க்கில் மூளையின் கிரிட் செல்கள் தாமாகவே தோன்றின என்று படித்தேன். இதைவிட வேறென்ன சான்று வேண்டும்?

‘தாமாகவே’ என்ற சொல்லைக் கண்டால் அங்கேயே நிறுத்தி விசாரியுங்கள். கிரிட் செல் என்பது விலங்கு நடக்கும் தரையில் அறுகோண ஒழுங்கில் அமைந்த புள்ளிகளில் துடிக்கும் நியூரான்; 2005-இல் மோசர் இணையரின் ஆய்வுக்கூடம் கண்டறிந்தது. 2018-இல் இரண்டு குழுக்கள், தன் நகர்வைக் கூட்டி இருப்பிடம் கணக்கிடும் நெட்வொர்க்குகளில் இதையொத்த ஒழுங்குகள் தோன்றியதாக அறிவித்தன. 2022-இல் ரைலன் ஷேஃபர், மிகைல் கோனா, இலா ஃபீட்டே மூவரும் ஆயிரக்கணக்கான நெட்வொர்க்குகளைப் பயிற்றுவித்துப் பார்த்தார்கள். பெரும்பாலானவை வழியைச் சரியாகக் கற்றன. அறுகோணமோ மிகச் சிலவற்றில்தான் வந்தது. அதுவும், நெட்வொர்க்கின் விடை எந்த வடிவில் இருக்கவேண்டும் என்று ஆய்வாளர் வைத்த குறிப்பிட்ட தேர்வுகளால் வந்தது. பணி மட்டும் காரணமாக இருந்திருந்தால் எல்லாவற்றிலும் வந்திருக்கும்.

இத்தகைய கட்டுரை கையில் கிடைத்தால் மூன்று விஷயங்களைத் தேடுங்கள். எத்தனை நெட்வொர்க்குகளில் எத்தனையில் அது தோன்றியது? எந்த அமைப்பை மாற்றினால் மறைகிறது? அந்த அமைப்புக்கு மூளையில் தனிச்சான்று உண்டா?

கேள்வி: நெட்வொர்க் புதியதைக் கற்றால் பழையதை மறக்கும் என்கிறார்கள். நமக்கு ஏன் அப்படி நேர்வதில்லை?

மெக்ளாஸ்கியும் கோஹெனும் 1989-இல் ஒரு நெட்வொர்க்குக்கு ஒன்றாம் கூட்டல் வாய்ப்பாட்டைக் கற்பித்துவிட்டு இரண்டாம் வாய்ப்பாட்டைக் கற்பித்தார்கள். இரண்டாவது ஏற ஏற முதலாவது அழிந்தது. ஒரே எடைகள்தான் இரண்டையும் தாங்குகின்றன. புதிய பாடம் அவற்றைத் தன் பக்கம் இழுக்கும்போது பழையதைக் காக்க யாரும் இல்லை.

இந்தத் தோல்விதான் மூளையைப் பற்றிய நல்ல கோட்பாடு ஒன்றைத் தந்தது. மூளையின் நினைவுப் பகுதியான ஹிப்போகாம்பஸ் வேகமாகப் பதிந்துகொள்கிறது. பிறகு அந்தப் பதிவுகளைத் திரும்பத் திரும்ப ஓட்டி, பழையவற்றோடு கலந்து, மெதுவாகக் கற்கும் புறணிக்கு ஊட்டுகிறது என்று மெக்லெலண்ட், மெக்நாட்டன், ஓ’ரைலி 1995-இல் முன்வைத்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டுதான், எலிகள் ஓடியபோது ஒன்றாகத் துடித்த ஹிப்போகாம்பஸ் நியூரான்கள் பின்பு அவை உறங்கும்போதும் ஒன்றாகத் துடிப்பதை வில்சனும் மெக்நாட்டனும் காட்டியிருந்தார்கள். நெட்வொர்க் சரியாக வேலை செய்திருந்தால் இந்தக் கேள்வி இவ்வளவு கூர்மையாக எழுந்திருக்காது.

கேள்வி: சாட்பாட்களின் பின்னால் இருக்கும் மொழி மாதிரிகள், நாம் கதை கேட்கும்போது மூளையில் நடப்பதைக் கணிக்கின்றனவாம். மூளையும் அடுத்த சொல்லை ஊகித்துக்கொண்டேதான் இருக்கிறதா?

அடுத்த சொல்லை நாம் ஓரளவு எதிர்பார்க்கிறோம் என்பதற்கு மொழி மாதிரிகள் வருவதற்கு முன்பே மூளையின் மின் அலைப் பதிவுச் சான்றுகள் இருந்தன. புதிய ஒப்பீடுகளில் எனக்குத் தயக்கம் உண்டு. மூளைச் செயல்பாட்டைப் படமெடுக்கும் எஃப்எம்ஆர்ஐ அளப்பது நியூரானை அல்ல, இரத்த ஓட்டத்தை. அது உச்சத்தைத் தொடவே ஐந்தாறு நொடி ஆகும், அதற்குள் பத்துப் பதினைந்து சொற்கள் கடந்துவிடும். அடுத்தடுத்த அளவீடுகள் ஒன்றையொன்று ஒத்திருப்பதால், ஒரே கதையின் பக்கத்துப் பக்கத்து நொடிகளைப் பயிற்சிக்கும் சோதனைக்கும் பிரித்துப் போட்டால் எந்த மாதிரியும் நன்றாகக் கணிப்பதுபோல் தோன்றும். சோதனைக்கு முழுக் கதையையே ஒதுக்கிவைத்தார்களா என்று பாருங்கள். வாக்கியத்தின் நீளம், வாக்கியத்தில் சொல்லின் இடம் ஆகிய எளிய அளவுகளை முதலில் கழித்தார்களா என்றும் பாருங்கள்.

கற்கும் அளவிலும் பெரிய பள்ளம். 2020-இல் வந்த ஜிபிடி-3 என்ற மொழி மாதிரி சுமார் 30,000 கோடி டோக்கன்களில் (சொற்கள் அல்லது சொல் துண்டுகள்) பயிற்சி பெற்றது. ஒரு குழந்தை பதின்மூன்று வயதுக்குள் கேட்கும் சொற்கள் பத்துக் கோடி என்ற அளவைச் சேர்ந்தவை. மொழியைக் கற்கும் வழிக்கு இந்த நெட்வொர்க்கை மாதிரியாக முன்வைப்பவர் இந்த இடைவெளிக்கு விடை சொல்லவேண்டும்.

கேள்வி: மூளையின் முழு வயரிங் படமும் கிடைத்துவிட்டால் இந்தச் செயற்கை மாதிரிகள் தேவைப்படாதல்லவா?

சி. எலிகன்ஸ் என்ற புழுவுக்கு 302 நியூரான்கள். அதன் வயரிங் 1986-இலேயே வெளியாகிவிட்டது. அந்தப் படத்தை மட்டும் வைத்து அந்தப் புழுவின் நடத்தையை யாராலும் முழுதாகக் கணித்துவிட முடியவில்லை. ஓர் இணைப்பு இருக்கிறது என்று படம் சொல்லும். அது எவ்வளவு வலியது, தூண்டுகிறதா தடுக்கிறதா, சுற்றி மிதக்கும் வேதிப்பொருள்கள் அதை எப்படி மாற்றுகின்றன என்பதைச் சொல்லாது.

அந்த இடைவெளியை நிரப்பத்தான் செயற்கை நெட்வொர்க் மிகவும் உதவுகிறது. பழ ஈயின் பார்வை மண்டலத்தில் 64 வகை நியூரான்களின் இணைப்புகளை அப்படியே எடுத்து, யான்னே லப்பலைனன், ஸ்ரீனிவாஸ் துராகா உள்ளிட்டோர் ஒரு நெட்வொர்க் அமைத்தார்கள். எது எதோடு இணையும் என்பது ஈயின் வயரிங்கிலிருந்து வந்தது. படத்தில் இல்லாத அளவுகளை மட்டும், காட்சியில் உள்ள அசைவைக் கணக்கிடும் பணியில் பயிற்சி கொடுத்து நிரப்பினார்கள். எந்த நியூரானின் செயல்பாட்டையும் அதற்குக் காட்டவில்லை. 2024-இல் வெளியான அந்த மாதிரி, எந்தெந்த வகை நியூரான் வெளிச்சம் கூடும்போது தூண்டப்படும், எது குறையும்போது தூண்டப்படும், அசைவின் திசையை உணர்வது எவை என்று சொன்னது. முன்பே வெவ்வேறு ஆய்வுக்கூடங்களில் செய்த 26 ஆய்வுகளின் அளவீடுகளோடு அவை ஒத்துப்போயின. இன்னும் அளக்கப்படாத வகைகளுக்கும் அது கணிப்புகளைத் தந்திருக்கிறது. அவற்றை இனி ஈயில் ஒவ்வொன்றாகச் சோதிக்கலாம்.